மாணவனின் பணம் வேண்டும், வாய் வேண்டாமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படிக்கச் செல்லும் அந்நிய நாட்டு மாணவர்கள் மீது அந்நாட்டு சர்க்கார் 2025ஆம் ஆண்டு முழுவதும் உத்தரவுக்கு மேல் உத்தரவாகப் போட்டுத் தாக்கியது. விசா ரத்து, நேர்முகப் பேட்டி நிறுத்தம், புதிய கட்டணம், நாடுவாரித் தடை, பல்கலைக்கழகத்தின் அனுமதிக்கே வேட்டு என்று வந்த இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ இலாகா நடைமுறை என்றே தோன்றும். ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் சொரூபம் தெரியும்.

இது கடல் கடந்த நாட்டின் குடியேற்ற விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2024-25 கல்வி ஆண்டில் அங்கே படித்துக்கொண்டும், படிப்பு முடித்துத் தொழிற்பயிற்சியிலும் இருந்த அந்நிய நாட்டு மாணவர்கள் 11 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் 3 லட்சத்து 63 ஆயிரம் பேர் இந்தியர்கள். வேறெந்த நாட்டவரும் இவ்வளவு பேர் இல்லை. இவர்களெல்லாம் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, தாயின் நகையை அடகு வைத்து, தகப்பனின் ஓய்வூதியப் பணத்தைக் கொட்டி அனுப்பிய குடும்பங்கள் நம் தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே ஓர் அதிகாரி ஒரு பெயரை அழித்தால், இங்கே ஒரு குடும்பம் கடனில் மூழ்குகிறது.

ஆகவே நாம் கேட்கிறோம். மாணவனின் கட்டணத்தைக் கைநீட்டி வாங்குகிறீர்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் அவன் உழைப்பை வாங்குகிறீர்கள். அவன் மூளையின் பலனை உங்கள் கம்பெனிகள் அனுபவிக்கின்றன. அவன் ஒரு கருத்தைச் சொன்னால் மட்டும் நாடு கடத்துவோம் என்றால், அது என்ன நியாயம்?

நடந்தது என்ன?

2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில், 4 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பெயர்கள் அந்நிய மாணவர் பதிவேட்டிலிருந்து திடீரென்று நீக்கப்பட்டன. விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை, பலருக்கு முன்கூட்டி அறிவிப்பும் இல்லை. இன்று வகுப்பில் இருந்தவன் நாளை சட்ட விரோதமாகத் தங்கியவன் ஆனான்.

இது எப்படி நடந்தது என்பது கோர்ட்டில் அம்பலமாயிற்று. சுமார் 13 லட்சம் மாணவர்களின் பெயர்களைப் போலீஸ் குற்றப் பதிவேட்டில் போட்டுச் சலித்தார்களாம். 6,400 பெயர்கள் அகப்பட்டனவாம். அப்படி அகப்பட்டவர்களில் பலர் மீது இருந்தது போக்குவரத்து வழக்குகளும் தள்ளுபடியான பழைய புகார்களும்தான். அமெரிக்கக் குடியேற்ற வக்கீல்கள் சங்கம் அப்போது திரட்டிய 327 புகார்களில் பாதி இந்திய மாணவர்களுடையவை. வேகமாகக் கார் ஓட்டியதற்கு அபராதம் கட்டிய பையனும் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவனா?

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் தொடுத்தார்கள். கோர்ட்டுக்குக் கோர்ட் தடை உத்தரவு பிறந்தது. ஏப்ரல் 25ல் சர்க்கார் வக்கீல், நீக்கிய பெயர்களை மீண்டும் சேர்ப்பதாக நீதிபதி முன் சொல்ல நேர்ந்தது. செய்தது சரியென்றால் ஏன் பின்வாங்க வேண்டும்? ஆனால் இதற்குள் பயந்து மூட்டை கட்டி ஊர் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் இழந்த படிப்பை யார் திருப்பித் தருவார்கள்?

இது எண்ணிக்கையில் நடந்த அநியாயம். கருத்தின் மீது நடந்த தாக்குதல் இதைவிட மோசமானது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் துருக்கி நாட்டு ஆராய்ச்சி மாணவி ஒருவர், பாலஸ்தீன மக்கள் படும் துயரத்தைத் தன் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2024ல் மாணவர் பத்திரிகையில் வேறு மூவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 2025 மார்ச் 25ல், சாதாரண உடையில் முகத்தை மறைத்து வந்த அதிகாரிகள் நடுத்தெருவில் அவரை வளைத்துப் பிடித்தனர். ஆயிரம் மைலுக்கும் அப்பால் லூசியானா மாகாணத்துச் சிறைக்குக் கொண்டுபோயினர். 45 நாட்களுக்குப் பிறகு, மே 9ல், நீதிபதியின் உத்தரவின் பேரில்தான் அவர் வெளியே வந்தார். அவர் கையில் குண்டு இருந்ததா? துப்பாக்கி இருந்ததா? இருந்தது ஒரு பேனா.

பல்கலைக்கழகத்தின் கழுத்தில் கத்தி

அடுத்த தாக்குதல் பல்கலைக்கழகங்கள் மீது. 2025 மே 22ல், ஹார்வர்டு பல்கலைக்கழகம் அந்நிய நாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையை உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா ரத்து செய்தது. அங்கே அப்போது படித்த அந்நிய மாணவர்கள் சுமார் 6,800 பேர். மொத்த மாணவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல். உரிமை திரும்ப வேண்டுமானால் 72 மணி நேரத்துக்குள், அந்நிய மாணவர்கள் ஐந்தாண்டுகளாகக் கலந்துகொண்ட போராட்டங்களின் படப்பதிவுகளையும் ஒலிப்பதிவுகளையும் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று.

இந்த ஒரு நிபந்தனை போதும், விஷயம் விளங்க. கல்விச் சாலையைப் போலீஸ் ஸ்டேஷனின் கிளையாக மாற்று, ஆசிரியனை ஒற்றனாக்கு, மறுத்தால் உன் மாணவர்களைப் பிணைக்கைதிகளாக்குவேன்! இதுதான் பொருள். மறுநாளே நீதிபதி ஆலிசன் பரோஸ் இந்த உத்தரவைத் தடுத்து நிறுத்தினார். உடனே ஜூன் 4ல், ஹார்வர்டுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று ஜனாதிபதி டிரம்ப் வேறு வழியில் பிரகடனம் செய்தார். அதையும் அதே நீதிபதி தடுத்தார்.

இதற்கிடையில் மே 27ல், புதிய மாணவர் விசாப் பேட்டிகளை நிறுத்தி வைக்கும்படி ராஜாங்க இலாகா உலகெங்கும் உள்ள தன் தூதரகங்களுக்குத் தகவல் அனுப்பியது. ஆகஸ்டில் வகுப்பு துவங்க வேண்டிய பிள்ளைகள் மே, ஜூனில்தான் பேட்டிக்குத் தேதி வாங்குவார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாதா? ஜூன் 18ல் பேட்டிகளை மீண்டும் துவக்கியபோது ஒரு புது நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. விண்ணப்பிக்கும் மாணவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை அதிகாரிகள் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டுமாம்! பதினெட்டு வயதுப் பிள்ளை நண்பனுக்கு எழுதிய வரியைக்கூட ஒரு வெளிநாட்டு அதிகாரி படித்துத் தீர்ப்பு எழுதுவான். பயந்த பிள்ளை என்ன செய்யும்? எழுதியதை அழிக்கும், இனி எழுதாது. வேண்டியதும் அதுதானே!

அதே ஜூனில் 12 நாடுகளின் மக்களுக்கு முழுத் தடை. 7 நாடுகளுக்குப் பகுதித் தடை. ஆண்டு முடிவதற்குள் அந்தப் பட்டியல் மேலும் நீண்டது. ஆகஸ்டில், படிப்பு முடியும் வரை தங்கலாம் என்றிருந்த பழைய ஏற்பாட்டை மாற்றி, நாலு ஆண்டு வரம்பு கட்டும் யோசனையை வெளியிட்டார்கள். டாக்டர் பட்ட ஆராய்ச்சி நாலு ஆண்டில் முடிவது அபூர்வம் என்பது எந்தப் பேராசிரியருக்கும் தெரியும். பாதி ஆராய்ச்சியில் மாணவன் மறுபடியும் அதிகாரியின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும் என்பதே அதன் விளைவு.

கட்டணத்தை மட்டும் மறக்கவில்லை! விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், மாணவர் பதிவேட்டுக்கு 350 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. இவை போதாதென்று, விசா கிடைப்பவர்கள் மேலும் 250 டாலர் கட்ட வேண்டும் என்று 2025 ஜூலை 4ல் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்பதை முறைப்படுத்த எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முறை என்றால் அதற்கு விதி இருக்க வேண்டும். விதியை மீறினான் என்றால் விசாரணை இருக்க வேண்டும். மாணவனின் பதிலைக் கேட்க ஒரு காது இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாதது முறையல்ல, யதேச்சாதிகாரம்.

நாட்டின் பாதுகாப்பு என்கிறார்கள். அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டில் ராஜாங்க இலாகா சொன்னபடி, அந்த ஆண்டில் அதுவரை ரத்தான மாணவர் விசாக்கள் 6 ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பயங்கரவாதத்துக்கு ஆதரவு என்று அவர்களே வகைப்படுத்தியவை 200 முதல் 300. பதினொன்றே முக்கால் லட்சம் மாணவர்களில் இது நூற்றில் ஒருவர் கூட இல்லை. ஆயிரத்தில் ஒருவர் கூட இல்லை. அந்தச் சிலர் மீதும் குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. இதற்காக லட்சக்கணக்கானவர்களின் கழுத்தில் சுருக்கு மாட்டுவதா?

மோசடி என்கிறார்கள். போலிக் கல்லூரிகளும் ஏமாற்றுத் தரகர்களும் இருப்பது உண்மை. அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளட்டும், வரவேற்கிறோம். ஆனால் 2019ல் வெளிவந்த விஷயத்தை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மிச்சிகன் மாகாணத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. அதற்கு வலைத்தளம் உண்டு, சின்னம் உண்டு. வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை. அதை நடத்தியது எந்தத் தரகன்? அமெரிக்கக் குடியேற்றப் போலீசே! சர்க்கார் அதிகாரிகளே கடை விரித்து, 600க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, பிறகு சுமார் 250 பேரைக் கைது செய்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் தெரிந்தே சேர்ந்தவர்களும் இருக்கலாம். ஆனாலும் சர்க்காரே தூண்டில் போட்டு மீன் பிடித்துவிட்டு, மீனே திருடன் என்று கூவுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

அந்நியர்கள் நம் பிள்ளைகளின் இடத்தைப் பறிக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளியிடம் சொல்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் விஷமமான வாதம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல மாகாண சர்க்கார்கள் தங்கள் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தை வெட்டின. அந்தப் பள்ளத்தை நிரப்ப அப்பல்கலைக்கழகங்கள் அதிகக் கட்டணம் செலுத்தும் அந்நிய மாணவர்களைத் தேடிப் பிடித்தன. அமெரிக்கத் தொழிலாளியின் மகன் படிப்புக் கடனில் தத்தளிப்பதற்குக் காரணம் ஹைதராபாத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ போன மாணவனல்ல. கல்வியைச் சந்தைச் சரக்காக்கிய சொந்த ஆட்சியாளர்களே. 2023-24ல் அந்நிய மாணவர்கள் அந்நாட்டில் செலவிட்ட பணம் சுமார் 4,380 கோடி டாலர் என்றும், அதனால் 3 லட்சத்து 78 ஆயிரம் வேலைகள் நிலைத்தன என்றும் அங்கேயுள்ள சர்வதேசக் கல்வியாளர் சங்கம் கணக்கிட்டது. இடத்தைப் பறிப்பது யார், சோறு போடுவது யார்?

சாயம் வெளுத்ததும் விரைவிலேயே. 2025 மே மாதத்தில், சீன மாணவர்களின் விசாக்களைத் தீவிரமாக ரத்து செய்வோம், கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பு உள்ளவர்களை விடமாட்டோம் என்று ராஜாங்க மந்திரி ரூபியோ முழங்கினார். மூன்றே மாதம்! ஆகஸ்டில், 6 லட்சம் சீன மாணவர்கள் வரலாம் என்று ஜனாதிபதியே அறிவித்தார். அவர்கள் வராவிட்டால் கீழ்நிலையில் உள்ள கல்லூரிகள் மூட வேண்டிவரும் என்று வர்த்தக மந்திரி விளக்கமும் கொடுத்தார். மே மாதத்தில் இருந்த ஆபத்து ஆகஸ்டில் எங்கே போயிற்று? கல்லாப்பெட்டிக்குள் போயிற்று.

பாதிப்பு அவர்களையும் விடவில்லை. 2025 ஆகஸ்டில் அங்கே வந்திறங்கிய மாணவர் எண்ணிக்கை முந்தின ஆண்டைவிட 19 சதவீதம் குறைந்தது. இந்திய மாணவர் வருகை ஏறத்தாழ 44 சதவீதம் குறைந்தது. அந்த இலையுதிர்ப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த அந்நிய மாணவர்கள் 17 சதவீதம் குறைந்தனர். சிக்காகோவில் டிபால் பல்கலைக்கழகம் அந்நிய மாணவர்களில் 30 சதவீதத்தை இழந்து செலவு வெட்டில் இறங்கியது. செலவு வெட்டு என்றால் யார் வயிற்றில் விழும் அடி அது? தற்காலிக ஆசிரியர், நூலக ஊழியர், விடுதிச் சமையல்காரர், துப்புரவுத் தொழிலாளி, இவர்கள் வயிற்றில்தான்.

பழைய சாட்டை

இந்தச் சாட்டை புதிதல்ல. 1913ல் கலிபோர்னியாவில் இருந்த இந்தியத் தொழிலாளரும் மாணவரும் கதர் கட்சியைக் கட்டினர். பிரிட்டிஷ் உளவாளிகள் அவர்களை நிழல்போல் தொடர்ந்தனர். 1914 மார்ச்சில் ஹர்தயாளை நாடு கடத்துவதற்காக அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்தனர். படிக்கவென்று பெர்க்லி போன பஞ்சாப் இளைஞன் கர்த்தார் சிங் சராபா, நாடு திரும்பி, 1915 நவம்பரில் லாகூரில் 19 வயதில் தூக்குமேடை ஏறினான். அந்நிய மண்ணில் படிக்கும் மாணவன் சுதந்திரக் காற்றைச் சுவாசித்துவிடுவான் என்ற பயம் ஏகாதிபத்தியத்துக்கு என்றும் உண்டு.

1952ல் வந்தது மெக்காரன்-வால்டர் சட்டம். ஜனாதிபதி ட்ரூமன் அதை நிராகரித்தார். காங்கிரஸ் சபை அவர் நிராகரிப்பையும் மீறி நிறைவேற்றியது. கருத்துக்காக ஒருவனை வாசலிலேயே தடுக்கும் அதிகாரத்தை அது கொடுத்தது. பாப்லோ நெரூடா, கார்சியா மார்க்வெஸ், கிரகாம் கிரீன் போன்ற எழுத்தாளர்களுக்கே இதனால் தொல்லை. வெளிநாட்டுக் கொள்கைக்குப் பாதகம் என்று மந்திரி சொன்னாலே நாடு கடத்தலாம் என்று 1990ல் அதே சட்டத்தில் சேர்ந்த பிரிவைத்தான் 2025ல் தூசி தட்டி எடுத்து, பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த கல்லூரி வளாகத்தினர் சிலர் மீது வீசினர்.

ஆனால் ஆட்சியாளர் வேறு, மக்கள் வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இந்த அக்கிரமத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. தாங்கள் பிரஜைகள், தங்களுக்கு ஆபத்தில்லை என்று அந்த ஆசிரியர்கள் ஒதுங்கியிருக்கலாம்; ஒதுங்கவில்லை. 2025 செப்டம்பர் 30ல் நீதிபதி வில்லியம் யங் தீர்ப்பளித்தார். சட்டப்படி நாட்டில் இருக்கும் அந்நியனுக்கும் பிரஜைக்குள்ள அதே பேச்சுரிமை உண்டு; சர்க்கார் அதை மீறியது என்றார். இவர் இடதுசாரியல்ல, ஜனாதிபதி ரீகன் நியமித்த நீதிபதி! வழக்கு என்றால் மேல்கோர்ட்டும் உண்டு. ஒரு தீர்ப்போடு ஓய்ந்துவிடாது. ஆனால் எதிர்த்து நின்றால் அவர்களும் பின்வாங்குவார்கள் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

நம் வீட்டையும் பார்ப்போம்

அடுத்தவன் வீட்டைக் குறை சொல்லுமுன் நம் வாசலையும் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னையில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் பதாகை பிடித்து நின்றார், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஒரு ஜெர்மன் மாணவர். விசா விதியை மீறிவிட்டாய், நாட்டைவிட்டுப் போ என்று அதிகாரிகள் வாய்மொழியாகச் சொன்னதாகத் தெரிவித்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். 2020 பிப்ரவரியில், கல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவருக்கும், விசுவபாரதியில் படித்த பங்களாதேஷ் மாணவிக்கும் நாட்டைவிட்டு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. போலந்து மாணவரின் நோட்டீஸைக் கல்கத்தா ஹைகோர்ட் மார்ச்சில் ரத்து செய்தது. வாஷிங்டனில் தவறென்றால் டெல்லியிலும் அது தவறே. நம் பிள்ளைக்கு அங்கே பேச்சுரிமை கேட்க வேண்டுமானால், அயல்நாட்டுப் பிள்ளைக்கு இங்கே அதைத் தர நாம் தயாராக இருக்க வேண்டும்.

டெல்லி சர்க்கார் 2025ல் என்ன செய்தது? விசா விஷயம் ஒவ்வொரு நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்று வெளியுறவு இலாகா சொன்னது. உண்மைதான். ஆனால் மூன்றரை லட்சம் பிள்ளைகளின் சர்க்கார் பேச வேண்டிய பேச்சு அவ்வளவுதானா? வாசல் மூடிய வீட்டின் முன் நிற்கும் தகப்பனிடம், அது அவர்கள் கதவு என்று சொல்வது ஆறுதலா?

நம் கோரிக்கைகள் இவை:

1. விசாரணையின்றி, பதில் கேட்காமல், மாணவர்களின் பெயரை நீக்குவதையும் விசாவை ரத்து செய்வதையும் அமெரிக்க சர்க்கார் கைவிட வேண்டும். பேச்சுக்காகவும் எழுத்துக்காகவும் எந்த மாணவனையும் தண்டிக்கக் கூடாது.

2. பாதிக்கப்படும் இந்திய மாணவர்களுக்கு இந்தியத் தூதரகங்கள் வக்கீல் உதவி ஏற்பாடு செய்ய வேண்டும். வர்த்தகப் பேச்சுவார்த்தை நடக்கும் மேஜையில் மாணவர் பிரச்னையையும் வைக்க வேண்டும்.

3. தங்கள் குற்றமின்றிப் படிப்பு முறிந்து திரும்பும் மாணவர்களின் கல்விக் கடன் தவணையை வங்கிகள் ஒத்திவைக்க வேண்டும். இங்கே படிப்பைத் தொடர அவர்களுக்கு இடம் தர வேண்டும்.

4. ஆசை வார்த்தை சொல்லிக் கமிஷன் சுருட்டும் வெளிநாட்டுப் படிப்புத் தரகர்களைப் பதிவு செய்து கண்காணிக்க வேண்டும்.

5. நம் நாட்டில் படிக்கும் அயல்நாட்டு மாணவர்கள், 2021-22 கணக்குப்படி சுமார் 47 ஆயிரம் பேர், கருத்துச் சொன்னதற்காக வெளியேற்றப்படக் கூடாது.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பொதுப் பல்கலைக்கழகங்களுக்குப் பணமும் ஆசிரியர்களும் வேண்டும். காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பி, ஆராய்ச்சிக் கூடங்களைச் சீராக்கினால், வீட்டை அடகு வைத்து வெளியே போயாக வேண்டிய நெருக்கடி பல குடும்பங்களுக்குக் குறையும்.

வெளிநாடு போய்ப் படிப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. அறிவு எங்கிருந்தாலும் தேடிப் போக வேண்டியதுதான். போகிறவன் மனிதனாகப் போக வேண்டும்; வாயில்லாத பணப்பையாக அல்ல. மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர் சங்கங்களும் இதை ஒரு குடும்பத்தின் தலைவிதி என்று தனித்தனியே அழுதுகொண்டிராமல், பொதுப் பிரச்னையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு வழக்குகள் சேர்ந்தபோதுதான் அங்கே நாலாயிரம் பெயர்கள் பதிவேட்டுக்குத் திரும்பின. இங்கும் பல குரல்கள் சேர்ந்தால்தான் டெல்லியின் காதில் விழும். அந்தக் குரலை இப்போதே எழுப்புவோம்!